ஒரு வெற்றி எவ்வளவு சொல்லும்? தடுமாறும் கால்பந்து அணியும் அதன் ரசிகர்களின் நம்பிக்கையும்

தோற்றுக்கொண்டே வந்த ஓர் அணி ஒரு நாள் ஜெயித்துவிட்டால், அதன் ரசிகர்கள் மறுபடியும் நம்பத் தொடங்குகிறார்கள். முந்தின வாரம் வரை ‘இந்த வருஷம் அவ்வளவுதான்’ என்றவர்களே மீதமுள்ள ஆட்டங்களை எண்ணிப் பார்த்து, இன்னும் எத்தனை புள்ளி எடுத்தால் அரையிறுதிக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஆட்டத்தில் ஆதாரம் இருக்கிறதா, இல்லை ஆசைதான் ஆதாரத்தை உண்டாக்கிக்கொள்கிறதா? புள்ளியியலாளர்களும் உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் சமூகவியலாளர்களும் இதற்கு நெடுங்காலமாக விடை சொல்லி வருகிறார்கள். பெரும்பாலும் அவரவர் துறைக்குள் நின்றே சொன்னதால், ஒருவர் விடையின் குறையை இன்னொருவர் விடை எங்கே நிரப்புகிறது என்பது எளிதில் புலப்படுவதில்லை.

அந்த விடைகளைச் சோதிக்க, சென்னையின் எஃப்.சி. அணியின் வரலாறு நல்ல களம். 2014இல் தொடங்கிய இந்த அணி, தடுமாற்றத்துக்கு நடுவே வரும் வெற்றி எங்கெல்லாம் கொண்டுபோய் விடலாம் என்பதற்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான எடுத்துக்காட்டுகளைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே தந்திருக்கிறது. சென்னைக்கு வெளியே, மதுரை காளவாசல் போன்ற இடங்களில் இருந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பார்ப்பவர்களுக்கும் தமிழ்நாட்டின் பெயரால் இருக்கும் அணி இது ஒன்றுதான்.

மூன்று பருவங்கள்

2015 பருவத்தில் மார்கோ மட்டெராஸியின் பயிற்சியில் இருந்த சென்னையின், லீக் சுற்றின் பின்பாதியில் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று 22 புள்ளிகளோடு மூன்றாம் இடத்துக்கு ஏறியது. டிசம்பர் மாதத்தில் பெருவெள்ளம் சென்னையை மூழ்கடித்ததால், அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அதிலும் அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என வீழ்த்தியது. டிசம்பர் 20 அன்று மட்கானில் எஃப்.சி. கோவாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 87ஆவது நிமிடத்தில் 1-2 எனப் பின்தங்கியது. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சுயகோலால் சமன் ஆனது. இஞ்சுரி டைமில் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலால் கோப்பை வந்தது.

2018-19 இதற்கு நேர்மாறு. முந்தின பருவத்தின் சாம்பியனாக, 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே பெங்களூரு அணியை 3-2 என வென்ற பெருமையோடு களமிறங்கிய அணி, 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி என வெறும் 9 புள்ளிகளுடன் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. நவம்பரில் புனேயில் கிடைத்த முதல் வெற்றிக்குப் பிறகு ‘இனிமேல் எழுந்துவிடும்’ என்ற பேச்சு இயல்பாகவே எழக்கூடியது. அடுத்த வெற்றிக்குப் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது வெற்றியோ, அந்தப் பருவத்தின் கோப்பையை வெல்லப்போகும் பெங்களூரு அணிக்கு எதிராக வந்தது. இருந்தும் பட்டியலில் எதுவும் மாறவில்லை.

2019-20 பருவத்தைத்தான் இந்த விவாதத்தின் மையத்தில் வைக்க வேண்டும். முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மூன்று தோல்வி, ஒரு டிரா. நவம்பர் 25 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் ஹைதராபாத் எஃப்.சி.யுடன் ஐந்தாவது ஆட்டம். அதிலும் தொண்ணூறு நிமிடம் கோல் விழவில்லை. இஞ்சுரி டைமின் இரண்டாவது நிமிடத்தில் ஆந்த்ரே ஷெம்ப்ரி அந்தப் பருவத்தின் முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடம் கழித்து ஹைதராபாத்தின் மேத்யூ கில்காலன் அதைச் சமன் செய்தார். இன்னும் இரண்டு நிமிடம் கழித்து நெரியுஸ் வால்ஸ்கிஸ் வெற்றி கோலை அடித்தார். ஒரு பருவத்து வேதனை முழுவதும் ஐந்து நிமிடத்துக்குள் கரைந்தது போன்ற முடிவு அது.

ஆனால் அந்த வெற்றி அணியைத் தூக்கி நிறுத்தவில்லை. அடுத்த ஆட்டம் ஒடிசாவுடன் டிரா. மாத முடிவிலேயே பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பர் முதல் வாரத்தில் ஓவன் காயில் வந்தார். அவருடைய முதல் நான்கு ஆட்டங்களும் ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி என்றுதான் போயின. பத்து ஆட்டங்களின் முடிவில் சென்னையினிடம் இருந்தவை 9 புள்ளிகள், அதாவது முந்தின பருவம் முழுவதும் சேர்த்த அளவு. அதற்குப் பிறகு 2020 ஜனவரி 10 அன்று அதே ஹைதராபாத்தை 3-1 என வென்றதில் இருந்து எட்டு ஆட்டங்களில் 6 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என வென்றதும் இந்த ஓட்டத்தில்தான். 29 புள்ளிகளுடன் நான்காம் இடம். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என வென்றது. மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் ரசிகர்களே அனுமதிக்கப்படாத மட்கான் அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் ஏ.டி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றது.

ஆக, ஒரே பருவத்தில் ஒரே எதிரணிக்கு எதிராக வந்த இரண்டு வெற்றிகளில் முதலாவதை நம்பியவர் ஏமாந்தார். இரண்டாவதை நம்பியவர் இறுதிப் போட்டி வரை போனார். இரண்டு இரவுகளிலும் ரசிகர்களிடம் எழுந்த நம்பிக்கையின் அளவில் பெரிய வேறுபாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. எந்த விளக்கமும் முதலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

ஊழும் முயற்சியும்

பழைய மரபுகள் இந்தக் கேள்வியை விளையாட்டின் பெயரால் கேட்கவில்லை. கிரேக்கக் கவி ஹெசியட் சொன்ன கதையில், பண்டோராவின் ஜாடியில் இருந்து எல்லாத் துன்பங்களும் வெளியேறிய பின் நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. அது மனிதருக்கு ஆறுதலாகத் தங்கியதா, இன்னொரு துன்பமாகத் தங்கியதா என்பதில் உரைகாரர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ரோமானியத் தத்துவர் செனெகா நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒரே சங்கிலியில் பிணைந்தவையாகக் கண்டார். ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்பது அவர் பக்கம். திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் ஒதுக்கி, விளைவில் இரண்டுக்கும் இடம் தருகிறது. மைதானத்தில் நடப்பதில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு உழைப்பு என்று இன்றைய ஆய்வாளர் பிரிக்க முயல்வதும் அந்தப் பழைய பிரிவினையைத்தான். அவர் கையில் எண்கள் இருக்கின்றன என்பதே வேறுபாடு.

சராசரிக்குத் திரும்புதல்

எண்களின் வழியே வந்த முதல் வலுவான விடை பிரான்சிஸ் கால்டனுடையது. 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்ட அவர், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கி நகர்வதைக் காட்டினார். தற்செயலுக்கு இடமுள்ள எந்த அளவீட்டிலும் மிக மோசமான முடிவுக்குப் பின் அதைவிடச் சற்று நல்ல முடிவு வருவதே எதிர்பார்க்கத்தக்கது. டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப் படைப் பயிற்றுநர்களிடம் கண்டதும் இதுதான். மோசமாக ஓட்டியவரைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார், நன்றாக ஓட்டியவரைப் பாராட்டினால் அடுத்த முறை சறுக்குகிறார் என்று அவர்கள் நம்பினார்கள். திட்டாமலும் பாராட்டாமலும் இருந்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

கால்பந்துக்கு இந்த விடை மற்ற விளையாட்டுகளைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஓர் ஆட்டத்தில் விழுவது சராசரியாக மூன்று கோலுக்கும் குறைவு. அதனால் கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்தே முடிவைப் புரட்டிப் போடும். சார்லஸ் ரீப்பும் பெர்னார்ட் பெஞ்சமினும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், கால்பந்தில் தற்செயலின் பங்கு மிகப் பெரிது என்று ஏற்கெனவே வாதிட்டிருந்தார்கள்.

சின்ன கணக்கு ஒன்று இதை விளக்கும். எந்த ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று கொண்ட சுமாரான அணியை எடுத்துக்கொண்டால், அது தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் வெல்லாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு. அடுத்த ஐந்தில் ஒன்றையாவது வெல்ல 76 விழுக்காடு வாய்ப்பு. இடையில் யாரும் எதையும் மாற்றியிருக்கத் தேவையில்லை. தோல்விகளுக்கும் தனிக் காரணம் வேண்டாம், வெற்றிக்கும் வேண்டாம்.

இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி இந்த எச்சரிக்கைக்கு நிலையான சான்று. 2007 செப்டம்பர் 17 அன்று நியூகாசிலை 1-0 என வென்ற அந்த அணி, 2007-08 பிரீமியர் லீக் பருவத்தின் 38 ஆட்டங்களில் வென்றது அதை மட்டும்தான். 11 புள்ளிகளுடன் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இந்தியத் தேசிய அணியின் ரசிகர்களுக்கும் இது புதிதல்ல. 2023 நவம்பர் 16 அன்று குவைத்தில் மன்வீர் சிங்கின் கோலால் கிடைத்த 1-0 வெற்றி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு முதன்முறையாகப் போய்விடலாம் என்ற எண்ணத்தை நாடெங்கும் கிளப்பியது. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 எனத் தோற்றபோது அந்த எண்ணம் பெரிதும் சரிந்தது. ஜூன் மாதத்தில் கத்தாரிடம் தோற்றதோடு முடிந்தது.

ஆனால் இந்த விடைக்கு ஒரு பலவீனம் உண்டு. அணிக்கு நிலையான ஒரு சராசரி இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. அணிகளின் தரம் உண்மையிலேயே மாறுவதும் உண்டு. 2014-15இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கின் அடியில் மாதக்கணக்கில் கிடந்தது. 2015 ஏப்ரல் 4 அன்று வெஸ்ட் ஹாமை 2-1 என வென்றதில் இருந்து கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பியது. அடுத்த பருவம் சாம்பியனே ஆனது. ‘சராசரிக்குத் திரும்பும்’ என்று அந்த ஏப்ரலில் சொன்னவர், எந்தச் சராசரிக்கு என்பதைத் தவறாகக் கணித்திருப்பார்.

இந்த இடத்தில் பேயஸ் முறைக் கணக்கு கூடுதல் வெளிச்சம் தருகிறது. பருவம் தொடங்கும்போது ஓர் அணி நல்ல அணியா மோசமான அணியா என்பது சரிபாதி ஐயத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். நல்ல அணி இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வெல்லும். மோசமான அணி ஐந்தில் ஒன்றை வெல்லும். ஐந்து ஆட்டங்கள் வெற்றியின்றிப் போனால், அது நல்ல அணியாக இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காட்டில் இருந்து சுமார் 9 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். ஆறாவது ஆட்டத்தில் வென்றால் 19 விழுக்காட்டுக்கு ஏறும். அதாவது நம்பிக்கைக்கான ஆதாரம் ஒரே இரவில் இரு மடங்குக்கும் மேல் ஆகிறது. ஆனாலும் ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பு எதிர்ப்பக்கமே நிற்கிறது. ரசிகர் உணர்வது அந்த ஏற்றத்தை. விமர்சகர் சுட்டுவது எஞ்சிய தொலைவை. இரண்டு பேர் சொல்வதும் கணக்கின்படி சரிதான். இந்தக் கேள்வி இவ்வளவு காலம் தீராமல் இழுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

பயிற்சியாளர் மாற்றம்

தற்செயலை ஏற்க மறுப்பவர்கள் வழக்கமாகச் சுட்டுவது பயிற்சியாளரை. இந்த விவாதம் கால்பந்தில் அல்ல, அமெரிக்க பேஸ்பாலில் தொடங்கியது. மேலாளரை அடிக்கடி மாற்றும் அணிகள் மோசமாக ஆடுகின்றன என்று 1963இல் ஆஸ்கர் கிரஸ்கி காட்டினார். மாற்றமே கெடுதல் செய்கிறது என்பது அவர் வாசிப்பு. வில்லியம் காம்சனும் நார்மன் ஸ்காட்சும் மறு ஆண்டே அதை மறுத்தார்கள். தோல்விக்கு யாரையாவது பலி கொடுத்து ரசிகர்களைச் சமாதானப்படுத்தும் சடங்குதான் மேலாளர் நீக்கம். அதனால் நன்மையும் பெரிதாக இல்லை, தீமையும் இல்லை என்றார்கள்.

கால்பந்தில் இதைக் கவனமாகச் சோதித்தவர்களில் ஒருவர் நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல். 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் தரவில், பயிற்சியாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காமல் விட்ட அணிகளோடு ஒப்பிட்டார். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மீண்டன. புதிய பயிற்சியாளரின் கைவண்ணமாகத் தெரிந்ததில் பெரும்பகுதி, தானாகவே வரவிருந்த மீட்சி.

சென்னையினின் 2019-20 பருவம் இந்த முடிவோடு எப்படிப் பொருந்துகிறது? காயில் வந்தவுடன் அணி துள்ளி எழவில்லை. நான்கு ஆட்டங்களில் நான்கு புள்ளிகள்தான் வந்தன. ‘புதுப் பயிற்சியாளர் வந்த வேகம்’ என்ற விளக்கம் இங்கே செல்லாது. அதே சமயம், அதற்குப் பின் வந்த எட்டு ஆட்டங்களில் 20 புள்ளிகள் என்பதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவதும் கடினம். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லாத அணியின் முன்களம் கேரளாவுக்கு எதிராக ஆறு, ஜாம்ஷெட்பூருக்கு எதிராக நான்கு என்று அடித்தது. கோலே இன்றித் தவித்த அணியின் வால்ஸ்கிஸ், பருவ முடிவில் 15 கோல்களுடன் தங்கக் காலணி பெற்றார். ஆடும் விதம் மாறியிருக்கிறது. அது களத்தில் பதியச் சில வாரங்கள் எடுத்திருக்கிறது என்று கொள்வதே கூடுதல் பொருத்தம். டெர் வீல் காட்டியது பல அணிகளின் சராசரி. அந்தச் சராசரிக்குள் உண்மையிலேயே திருந்திய அணியும் மேலும் சரிந்த அணியும் ஒன்றையொன்று ஈடுகட்டி மறைந்திருக்கக்கூடும். தனி ஓர் அணியின் ரசிகருக்குத் தேவையான விடையை அந்தச் சராசரி தருவதில்லை.

‘வேகம் பிடித்தல்’

ஒரு வெற்றி அடுத்த வெற்றியைக் கொண்டுவரும் என்ற எண்ணம் வீரர்களிடமும் வலுவானது. 1985இல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமஸ் ட்வெர்ஸ்கி மூவரும் கூடைப்பந்துத் தரவை ஆராய்ந்து, அடுத்தடுத்துக் கூடைக்குள் போடும் வீரருக்குக் ‘கை ஓடுகிறது’ என்பது பார்ப்பவரின் மயக்கம் என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் நின்ற முடிவு அது. 2018இல் ஜோஷுவா மில்லரும் ஆடம் சன்ஹுர்ஹோவும் அந்தக் கணக்கு முறையிலேயே ஒரு சாய்வு ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதைத் திருத்தியதும் பழைய தரவிலேயே ‘வேகம்’ தென்பட்டது. ஆனாலும் பந்தெறியும் தனி வீரர் பற்றிய இந்த முடிவை, வாரத்துக்கு ஒரு முறை வெவ்வேறு எதிரணியைச் சந்திக்கும் பதினோரு பேர் கொண்ட அணிக்கு அப்படியே நீட்டிவிட முடியாது.

ரசிகரின் மனம்

உளவியலாளர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். வெற்றி அணியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை விட்டு, ரசிகருக்கு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், கால்பந்து அணி வென்ற வார இறுதியை அடுத்த திங்கட்கிழமைகளில் மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த உடைகளைக் கூடுதலாக அணிந்து வந்தார்கள். (அங்கே ஆடப்பட்டது அமெரிக்கக் கால்பந்து.) வென்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘நாம்’ என்றும், தோற்றதைப் பற்றிப் பேசும்போது ‘அவர்கள்’ என்றும் சொல்லும் போக்கும் பதிவானது. ‘ஜெயிச்சுட்டோம்’, ‘தோத்துட்டானுங்க’ என்று இரண்டு விதமாகப் பேசும் பழக்கம் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

இந்தச் சிந்தனையை சி. ஆர். ஸ்னைடர் 1986இல் தோல்வியின் பக்கம் நீட்டி, தோற்ற குழுவிடம் இருந்து மனிதர்கள் தங்களைத் துண்டித்துக்கொள்வதைக் காட்டினார். பிற்காலத்தில் நம்பிக்கை பற்றிய புகழ்பெற்ற கோட்பாட்டை வகுத்தவரும் இவரே. இலக்கு நோக்கிய உறுதியும், அங்கே போய்ச்சேர வழி உண்டு என்ற தெளிவும் சேர்ந்ததே நம்பிக்கை என்பது அவர் வரையறை. இந்த வரையறையை ரசிகருக்குப் பொருத்தினால் சிக்கல் வருகிறது. களத்தில் இறங்கி எதையும் செய்ய முடியாதவர் அவர். அவருடைய ‘வழி’ முழுவதும் வேறு பதினோரு பேரின் காலில் இருக்கிறது. அரங்கில் பாடுவது, அட்டை பிடிப்பது, ‘சூப்பர்மச்சான்ஸ்’, ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’ போன்ற குழுக்களாகத் திரள்வது எல்லாம் அந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளாக வாசிக்கத்தக்கவை.

டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கம்பும் 1990இல், ஆழ்ந்த பிணைப்புள்ள ரசிகர்கள் தோல்வியிலும் விலகுவதில்லை, மேலோட்டமானவர்கள்தான் விலகுகிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். எட்வர்ட் ஹர்ட் குழுவினரின் 1992 ஆய்வு இன்னும் உள்ளே போனது. தங்கள் அணி வென்றதைப் பார்த்த ரசிகர்கள், அணியின் அடுத்த ஆட்டத்தைப் பற்றி மட்டுமின்றித் தங்களுடைய சொந்தத் திறமைகளைப் பற்றியும் உயர்வாக மதிப்பிட்டார்கள். தோற்றதைப் பார்த்தவர்கள் தங்களையும் தாழ்த்திக்கொண்டார்கள். ஞாயிறு இரவு அணி ஜெயித்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவரின் நடையே மாறுவது வெறும் பேச்சல்ல என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்லலாம்.

அடுத்து வந்தது ஒரு புதிர். பீட்டர் டால்டனும் ஜார்ஜ் மெக்கெரனும் 2018இல், கைப்பேசிச் செயலி வழியாகத் திரட்டிய மனநிலைப் பதிவுகளைக் கால்பந்து முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். தோல்வி தரும் துயரம் வெற்றி தரும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நீடிப்பதும் கூடுதல் நேரம். அலெக்ஸ் எட்மன்ஸ் முதலானோர் 2007இல் காட்டியதும் ஒத்த செய்தி: உலகக் கோப்பையில் இருந்து ஒரு நாட்டு அணி வெளியேறிய மறுநாள் அந்நாட்டுப் பங்குச்சந்தை சரிகிறது, வென்ற மறுநாள் அதற்கு ஈடான ஏற்றம் இல்லை. லாப நட்டக் கணக்குப் பார்த்தால், பாதிக்குப் பாதி வெல்லும் அணியைப் பின்தொடர்வதுகூட நட்டம்தான். தடுமாறும் அணியைப் பின்தொடர்வதை என்னவென்று சொல்வது? ரசிகர்கள் வெற்றி வாய்ப்பைத் தொடர்ந்து மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். கூட்டத்தில் ஒருவராக இருப்பதன் நிறைவை இந்த அளவீடுகள் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதே கூடுதல் வலுவுள்ளது. மிகை மதிப்பீடு மட்டும் காரணமாக இருந்தால், பல ஆண்டுத் தோல்விகள் அதைத் திருத்தியிருக்க வேண்டும். 2014, 2016, 2022 என மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றும் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் கூட்டம் கலைந்துவிடவில்லை.

உளவியல் ஆய்வுகளின் பொதுக்குறை, அவற்றில் பல அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்தே நடந்தவை என்பதுதான். பிறந்த ஊராலோ படித்த கல்லூரியாலோ கிடைத்த அணியும், 2014இல் தொலைக்காட்சி வழியாக வந்து சேர்ந்த அணியும் மனத்தில் ஒரே இடத்தைப் பிடிக்குமா என்பதை அவை தொடவில்லை.

போட்டியின் அமைப்பே வளர்க்கும் நம்பிக்கை

சைமன் ராட்டன்பர்க் 1956இல் பேஸ்பால் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்து, முடிவு தெரியாத நிலையே ஆட்டத்தைப் பார்க்க வைக்கிறது என்ற கருத்து விளையாட்டுப் பொருளியலின் அடிப்படையாயிற்று. இதன்படி, நம்பிக்கை ரசிகரின் மனத்தில் மட்டும் விளைவதல்ல. போட்டி அமைப்பாளர்களால் திட்டமிட்டுப் பேணப்படுவது. ஐ.எஸ்.எல். இதற்குத் தெளிவான சான்று. 2019-20இல் பத்து அணிகளில் நான்கு அரையிறுதிக்குப் போயின. 2022-23 முதல் ஆறு அணிகளுக்கு பிளே-ஆஃப் வாய்ப்பு வந்தது. 2023-24இல் சென்னையின் 22 ஆட்டங்களில் 8 வெற்றி, 11 தோல்வி என்ற கணக்கோடு ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் கண்டது. வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ள அணிக்கும் கதவு திறந்திருந்தது. அந்தச் சூழலில் பருவ நடுவில் வரும் ஒரு வெற்றியைப் பார்த்துக் கணக்குப் போட்டவரைப் பேதை என்று சொல்ல முடியாது.

மறுபக்கம், ஐ.எஸ்.எல்.லில் அடியில் முடித்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் வழக்கம் அந்தப் பருவங்களில் நடைமுறையில் இல்லை. ஐரோப்பாவில் தப்பிப் பிழைக்கும் நம்பிக்கை என்று ஒரு தனி வகை உண்டு. லெஸ்டரின் 2015 ஏப்ரலை அவ்வளவு தீவிரமாக்கியது அதுதான். 2018-19இல் பத்தாவதாக இருந்த சென்னையின் ரசிகருக்கு அந்தப் பயமும் இல்லை, அதனால் வரும் துடிப்பும் இல்லை. பிப்ரவரியில் பெங்களூருவை வென்றபோது அந்த வெற்றிக்குப் பட்டியலில் எந்தப் பொருளும் இல்லாமல் போனதற்கு இந்த அமைப்பும் காரணம்.

இந்தியாவில் இதைவிடப் பெரிய ஆபத்து, அணியே இல்லாமல் போவது. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் 2017-18இல் எட்டாவது இடம்தான் பிடித்தது. அடுத்த பருவமே அக்பர் நவாஸின் பயிற்சியில், பெத்ரோ மான்சியின் 21 கோல்களின் பலத்தில், 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக 43 புள்ளிகளோடு பட்டம் வென்றது. தமிழ்நாட்டுக் கால்பந்தில் இப்படியோர் எழுச்சி அரிது. அந்த அணி சில ஆண்டுகளிலேயே ஐ-லீக்கில் இருந்து மறைந்தது. 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடிய இருந்ததைக் காரணம் காட்டி, அடுத்த ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. அணி வெல்லுமா என்ற கேள்விக்கு முன்னால் அணி ஆடுமா என்ற கேள்வி வந்து நின்றது. அணி என்றும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட மேலை ஆய்வுகளில் இதற்கு இடமே இல்லை. இந்தக் கோட்பாடுகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும்போது முதலில் திருத்த வேண்டிய இடம் இது என்று தோன்றுகிறது.

தூரத்து ரசிகர்

காளவாசலில் இருந்து சென்னை நேரு விளையாட்டரங்கம் ஏறத்தாழ 460 கிலோமீட்டர். இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுக் கிளம்புவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ரயிலை விட்டவர் கிளாம்பாக்கம் வரை போய்ப் பேருந்து பிடித்து, விடிகாலையில் மாட்டுத்தாவணியில் இறங்கி, ஊரைக் குறுக்கே கடந்து மேற்கே காளவாசல் வந்து சேர வேண்டும். ஆகவே பெரும்பாலோருக்கு இந்த அணி திரையில்தான் இருக்கிறது. அரங்கில் கூட்டத்தோடு கத்தி நம்பிக்கையை ஊட்டிக்கொள்வதற்கான வாய்ப்பு இல்லாமல், கிரிக்கெட்டும் கபடியும் ஆளும் ஊரில், சிறு எண்ணிக்கையிலான ரசிகர்கள் ஒரு வெற்றியைத் தங்களுக்குள் பேசித்தான் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். பிணைப்பு பற்றிய ஆய்வுகள் அரங்கத்துக்கு வருபவரையே முதன்மையாகக் கொள்வதால், இந்த வகை ரசிகரின் நம்பிக்கை எதனால் நிலைக்கிறது என்பதற்கு அவற்றில் நேரடி விடை கிடைப்பதில்லை.

மதுரைக்கென்றே ஒரு சாம்பியன் அணி இருக்கிறது என்பது இந்தப் பேச்சில் பலமுறை விடுபட்டுப் போகிறது. மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. 2022 மே 26 அன்று புவனேஸ்வரில், அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களையும் வென்றிருந்த சேதுவும் அதே கணக்கில் இருந்த கோகுலம் கேரளாவும் மோதியதில், கோகுலம் 3-1 என வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. இந்த இரண்டு பருவங்களும் மதுரைக்கு வெளியே தலா ஓர் ஊரில் கூட்டி நடத்தப்பட்டவை. இந்திய மகளிர் அணிக்கும் ஆடிய இந்துமதி கதிரேசனைப் போன்றோர் விளங்கிய அணியின் மிக உயர்ந்த வெற்றியையும் மிகக் கசப்பான தோல்வியையும் சொந்த ஊர் நேரில் காணவே இல்லை. நம்பிக்கை வளர வெற்றி மட்டும் போதாது, அதைப் பார்க்க ஓர் இடமும் வேண்டும் என்ற கருத்துக்கு இதைவிட வலுவான சான்று தேடுவது கடினம்.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

முன்கணிப்பு என்ற அளவில் விவாதம் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. ஒரு வெற்றியின் எண்ணிக்கை மதிப்பு சிறியது, ஆனால் சூனியம் அல்ல. எதிரணி யார், கோல் வாய்ப்புகள் எப்படி உருவாயின, ஆடும் முறையில் எது மாறியது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் தெரியும். 2019 நவம்பரில் ஹைதராபாத்தை வென்றதும் 2020 ஜனவரியில் வென்றதும் இந்த அளவுகோலில் ஓரளவு பிரிகின்றன. முதலாவது, தொண்ணூறு நிமிடம் கோலின்றித் தவித்த அணியின் கடைசி நிமிட வெற்றி. இரண்டாவது, வால்ஸ்கிஸின் முன்களம் இடைவிடாமல் கோல் அடிக்கத் தொடங்கிய காலத்தின் வெற்றி. ஆனாலும் இரண்டிலும் எதிரணி, பருவத்தைக் கடைசி இடத்தில் முடித்த ஹைதராபாத்தே. அதனால் ஜனவரி 10 இரவிலேயே இந்த வேறுபாட்டை ஒருவர் உறுதியாகக் கண்டிருக்க முடியுமா என்பது விவாதத்துக்குரியது.

தீராமல் இருப்பவை வேறு. அணியின் உண்மையான மாற்றத்தைத் தற்செயலில் இருந்து பிரித்தறிய எத்தனை ஆட்டங்கள் தேவை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 18 அல்லது 22 ஆட்டங்களே கொண்ட பருவத்தில், விடை தெரியும் முன்னே பருவம் முடிந்துவிடக்கூடும். ரசிகர் திரளின் நம்பிக்கை வீரர்களின் ஆட்டத்தைத் திருப்பிப் பாதிக்கிறதா என்பதற்கு, கொரோனா காலத்து வெற்று அரங்கங்கள் ஒரு சோதனையாக அமைந்தன. சொந்த மண்ணின் சாதகம் அப்போது குறைந்ததைப் பல ஐரோப்பிய ஆய்வுகள் கண்டன. நடுவர்களின் சாய்வு குறைந்ததே அதற்குப் பெருங்காரணம் என்பவர்களும் உண்டு. சென்னையினின் 2020 இறுதிப் போட்டி கோவாவில் நடந்ததால், இந்த வழக்கில் அது சான்றாகாது.

அடுத்தது, அரங்கத்தில் இருந்து தொலைவில் வளரும் நம்பிக்கையும் அருகில் வளரும் நம்பிக்கையும் ஒரே பொருளா என்ற கேள்வி. நேரில் காணும் ஊரில் தோல்விக்குப் பின் விலகுவோர் குறைவா, கூடுதலா, ஒரு வெற்றிக்குப் பின் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், திரையில் மட்டும் காண்போரிடம் அந்த எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பவை அளக்கக்கூடியவை. சேது எஃப்.சி. சில பருவங்கள் தொடர்ந்து மதுரையிலேயே, முன்கூட்டி அறிவித்த தேதிகளில் சொந்த மண் ஆட்டங்களை ஆடுமானால், ஒரே ஊரில் இரண்டு வகை ரசிகர்களையும் ஒப்பிடும் வாய்ப்பு அங்கே உருவாகும்.